புளியமரத்தில் பூத்த கொட்டடிக் கட்டம்

தென்னேரி ஏரிக்கரைப் புளியமரத்தடியில் அன்று இருந்தது நான், அம்மா, அம்மாவின் தம்பி, மரமேறும் அண்ணன் ஒருவர். அப்பா இல்லை, வாலாஜாபாத் ரைஸ் மில்லில் வேலை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாமா கேட்பார். நான் சொன்னால் சிரிப்பார்.

அந்த வருஷம் மரத்தின் காய் மாமா குத்தகை. உலுக்குவதற்கு முன்னால் கிளையில் ஒட்டியிருக்கும் புல்லுருவியைக் கழித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். விட்டால் மரத்தின் சாற்றை உறிஞ்சிவிடும். உண்மைதான். ஆனால் கீழ்க்கிளையில் இருந்தது புல்லுருவி இல்லை, ஆர்க்கிட். வார் மாதிரி தடித்த இலை, காற்றில் தொங்கும் வெள்ளை வேர். காலேஜில் தாவரவியல் படித்தபோது, இதெல்லாம் மலைக்காட்டுச் சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். இதுவோ ஏரிக்காற்று வாங்கிக்கொண்டு எங்கள் ஊரிலேயே இருந்தது.

“மாமா, அதை வெட்ட வேணாம். அது மரத்துக்கிட்ட எதையும் புடுங்கித் துன்னாது. மழையும் காத்துமே அதுக்குப் போதும்.”

“சும்மா குந்திக்கினு சோறு கேக்காம இருக்குதா? நம்ம வூட்ல அப்பிடி ஒரு ஆளு இல்லியேடா!”

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “குடும்பத்துலயே மொதல் ஆளா படிக்க வெச்சா, புல்லுருவிக்கு வக்கீலா வந்து நிக்குது பாரு.”

மேலேயிருந்து மரமேறும் அண்ணன் கத்தினார். “வெட்றதா வேணாவா, சீக்கிரம் சொல்லுங்கபா! எறும்பு கடிக்குது!”

“அதுக்கு மேல கொத்தா இருக்குது பாருங்கண்ணா, அதான் புல்லுருவி. அதை வெட்டுங்க. வேர் தொங்குறதை வுட்டுடுங்க.”

“இதுல ஒண்ணு பூத்துக்கீதுபா.”

போட்டோ எடுக்கச் சொன்னேன். இறங்கி வந்து தன் போனைக் காட்டினார். பழுப்பு இதழில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு, கீழே ஊதா நாக்கு. பட்டுச்சேலைக்குப் பாவு போடும் அம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“அடப்பாவி, நம்ம பட்டுச்சேலையில போடற கொட்டடிக் கட்டம்டா! ஏம்பா தம்பி, இதை வுட்டுடு.”

“கிளையை உலுக்குனா பூ எங்கக்கா நிக்கும்? உலுக்கலைன்னா எனக்குக் காய் எங்கக்கா வரும்?”

“அந்த ஒரு கிளைக் காய்க்கு நாங்க துட்டு குடுத்துடறோம்” என்றாள் அம்மா.

அந்தக் கிளையை மட்டும் உலுக்கவில்லை. அடுத்த வாரம் ஆர்க்கிட் பூங்கொத்து முழுக்க விரிந்தது. அந்தக் கிளைக் காயில் பாதியை அணில் தின்றது. மாமா ஐநூறு கேட்டார், அக்கா முகத்துக்காக ஐம்பது குறைத்தார். ஆக, நானூற்று ஐம்பது ரூபாய்.