வாசலோடு நின்ற செருப்பு

என் வீட்டு வாசலில், செருப்பு வைக்கிற தட்டில், ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு இருக்கிறது. குதிகாலைப் பிடிக்கப் பின்னால் வார் வைத்தது, அடிப்பாகம் மெத்தென்று அமுங்குவது, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்றே செய்து விற்கிற வகை. வலது கால் செருப்பு நன்றாகத் தேய்ந்து, பெருவிரல் பதிந்த இடம் கறுத்துக் குழிந்திருக்கிறது. இடது கால் செருப்பு அந்த அளவுக்குத் தேயவில்லை. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போதெல்லாம் என் மகள் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்பாள். நானும் சரி சரி என்பேன். ஆனால் அந்தப் பக்கம் துடைப்பத்தைக்கூட விட மாட்டேன். அது என் அண்ணனுடைய செருப்பு.

அண்ணன் மாட்டுங்காவில் ஒரு ஓட்டல் அடுக்களையில் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றே ஆயுளைக் கழித்தவர். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பார். சர்க்கரை வந்தது எப்போது என்று அவருக்கே தெரியாது. கல்லில் இருந்து எண்ணெய் தெறித்துப் பாதத்தில் விழுந்தாலும் அசைய மாட்டார் என்று உடன் வேலை செய்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்களாம். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. உணர்ச்சி செத்துப்போன கால் அது என்று யாருக்குத் தெரிந்தது? மதினி இறந்துபோனாள், பிள்ளைகள் கிடையாது. இனி நின்று வேலை பார்க்க முடியாது என்று ஆனதும், தாராவி அறையைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து இருக்கும்படி நான்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்ன, உத்தரவு போட்டேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். ஃபோர்ட்டில் ஆபீஸ் வேலை, காலையில் லோக்கல் ரயிலில் இடிபட்டுப் போய் இடிபட்டு வருகிறவள்; நயமாகப் பேச எனக்கு நேரம் இருந்ததில்லை. அண்ணனோ எதிர்த்துப் பேசத் தெரியாதவர். தங்கை வீட்டில் ஃபேன் போடுவதற்குக்கூட, "போட்டுக்கிடட்டுமாட்டி?" என்று கேட்பார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. செருப்பு வாசலோடு சரி. தாராவியில் நாங்கள் பிறந்து வளர்ந்தது ஒற்றை அறை. அடுப்பு ஒரு மூலை, சாமி அலமாரி இன்னொரு மூலை, நடுவில் படுக்கை. வெளியே காலை வைத்தால் சாக்கடை. அந்தக் காலோடு உள்ளே வந்தால் அம்மா கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் செம்பூருக்கு வந்து, டைல்ஸ் போட்ட வீட்டில், இரண்டு வேளையும் பினாயில் ஊற்றித் துடைத்துக்கொண்டு, அதே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன்கூட என் வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான்.

கால் டாக்டர் என்று ஒருவர் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அண்ணனின் பெருவிரல் நகம் கறுத்திருப்பதைப் பார்த்து, சர்க்கரைக்கு மருந்து கொடுக்கிற டாக்டர்தான் அங்கே அனுப்பினார். போனால் ஒரு சின்னப் பெண், மராட்டிக்காரி. தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணனின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணன் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். டாக்டர் காலைத் தொடுவதா என்று கை கூப்பினார். அவள் சிரித்துக்கொண்டே, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு நூலால் பாதத்தில் அங்கங்கே குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று இந்தியில் கேட்டாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். அவள் குத்தாமல் சும்மா இருந்தபோதும், அவளுக்கு மனம் நோகக் கூடாதே என்று, மரியாதையாக ஆமாம் என்றார். நான் சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

இந்தக் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை, இனிமேல் ஒரு அடிகூட வெறுங்காலில் வைக்கக் கூடாது என்றாள். நீலச் செருப்பை அங்கேயே அளவு பார்த்துக் கொடுத்தாள். வீட்டுக்குள்ளுமா என்று கேட்டேன். வீட்டுக்குள்தான் முக்கியம் என்றாள். சாமி அலமாரிக்கு முன்னாலுமா என்று மறுபடியும் கேட்டேன். படுக்கையை விட்டு இறங்கினால் செருப்புதான், சாமி கும்பிடும்போதும் செருப்புதான், தினமும் உள்ளங்காலைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அழுத்திச் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியபோதே எனக்குள், இந்தப் பெண்ணுக்கு நம் வீட்டு வழக்கம் என்ன தெரியும் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோவில் திரும்பும்போது அண்ணனிடம், "வெளிய போவும்போது போட்டுக்கோ. நான் ரெண்டு வேளையும் தொடைக்கேன், என் வீட்டுத் தரையில என்ன குத்தப்போவுது?" என்றேன். அவர் வழக்கம்போல ஆமாம் என்றார்.

ஆனாலும் அன்று சாயங்காலம் அவர் அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். புதுச் செருப்பு, தெரு மண்ணே படாதது, அதையும் குழாயடியில் கழுவித் துடைத்திருந்தார். கூடத்தைத் தாண்டி, சாமி அலமாரி இருக்கிற அடுக்களையின் நிலைப்படி வரை வந்து நின்றார். முகத்தில் பண்டிகைக்குப் புதுச்சட்டை போட்டவரின் களை. நல்லா மெத்துன்னு இருக்குட்டி என்று சொல்லத்தான் வந்திருப்பார். நான் அடுப்பில் இருந்து திரும்பி, முதலில் காலைப் பார்த்தேன், பிறகு முகத்தைப் பார்த்தேன்.

"எண்ணே, சாமி இருக்கு" என்றேன்.

அவ்வளவுதான். கத்தவில்லை, திட்டவில்லை. அவர் முகம் சுருங்கிப்போய், தப்புச் செய்துவிட்டவர் மாதிரி நின்ற இடத்திலேயே கழற்றி, கையில் எடுத்துக்கொண்டு போய் வாசல் தட்டில் வைத்தார். அதற்குப் பிறகு அந்தச் செருப்பு உள்ளே வந்ததே இல்லை. லிஃப்ட் வரை போனாலும் போட்டுக்கொள்வார், திரும்பி வந்தால் வாசலில் கழற்றுவார். கொஞ்ச நாள் நான் அவர் உள்ளங்காலைப் பார்த்தேன். தங்கச்சி என் காலைப் பிடிக்கணுமா என்று அவர் கூச்சப்பட, எனக்கும் ஆபீஸ் வேலை சேர்ந்துகொள்ள, அதுவும் நின்றுபோனது.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அவசரமாகப் பட்டுப்புடவை கட்டினேன். முந்தானையில் குத்தியிருந்த ஊக்கு எங்கோ விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை, வேறு ஒன்றைக் குத்திக்கொண்டேன். மறுநாள் அண்ணன் நடக்கும்போது டைல்ஸில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். அவருக்குக் காதும் மந்தம். சாமி அலமாரிக்கு முன்னால் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. விளக்கேற்றும்போது குங்குமத்தைச் சிந்திவிட்டாயா என்று ஒரு அதட்டு அதட்டிவிட்டுத் துடைத்தேன். என் அண்ணனின் ரத்தத்தை, என்ன ஏது என்று பார்க்காமல், ஈரத்துணியால் துடைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். கால் வீங்கிக் காய்ச்சல் வந்தபோதுதான் புரட்டிப் பார்த்தோம். இடது உள்ளங்காலில் என்னுடைய ஊக்கு, தலை மட்டும் வெளியே தெரிய, இறங்கிக் கிடந்தது.

முதலில் விரல்களை எடுத்தார்கள். பிறகு சீழ் மேலே ஏறிவிட்டது என்று முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரு ஊக்கு இப்படிச் செய்துவிட்டதே என்றார்கள். நானும் ஆமாம், ஊக்குதான் என்றேன். ஊக்கு எந்த வீட்டிலும் விழும். அதற்குத்தானே அந்தப் பெண் படித்துப் படித்துச் சொல்லி செருப்பைக் கொடுத்தாள். இதை யாரிடமும் நான் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும், மன்னிச்சுக்கோண்ணே என்று அழுதேன். நீ என்னட்டி செஞ்ச, எனக்குல்லா தெரியாமப் போச்சு என்று என் தலையைத் தடவினார். என்னை ரெண்டு அறை அறைந்திருக்கலாம்.

ஆனால் எனக்கு இன்றுவரை ஆறாதது அதுவல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தோம். வலது காலில் மட்டும் நீலச் செருப்பு. வாசலுக்கு வந்ததும், "இரு, இரு" என்று என் மகளிடம் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். நாற்காலியில் இருந்து சிரமப்பட்டுக் குனிந்து, வாரை அவிழ்த்து, அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றப் போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்ணே, போட்டுக்கோண்ணே, இனி உள்ளயும் போட்டுக்கோ" என்று கெஞ்சினேன்.

"இருக்கட்டும்ட்டி" என்றார். "சாமி இருக்குல்லா."

குத்திக் காட்டவில்லை. அவருக்கு அது தெரியாது. நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே நம்பியிருந்தார். இறக்கும்வரை, நான் எவ்வளவு சொல்லியும், அந்த ஒரு காலிலும் வீட்டுக்குள் செருப்புப் போடவில்லை. கக்கூஸுக்கு ஊன்றுகோலோடு போகும்போதும் வெறுங்கால்தான். அவர் போகிற வழியெல்லாம் நான் முன்னால் குனிந்து, கையால் தரையைத் தடவிக்கொண்டே போவேன்.

இப்போது எனக்கும் சர்க்கரை. போன மாதம் மகள் என்னை அதே கால் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது காதோரம் நரைத்திருக்கிறது. என் கால் அவள் மடியில் இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஓர் இடத்தில் தெரிந்தது, பல இடங்களில் தெரியவில்லை. வீட்டுக்குள்ளும் செருப்பு என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. மகள் வாங்கிய சாம்பல் நிறச் செருப்பை என் கட்டிலடியிலேயே கொண்டுவந்து வைத்தாள். அவளுக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை.

இன்று காலை செருப்புக் காலோடு விளக்கேற்றினேன். சாமி பேசாமல்தான் இருந்தது. அண்ணன் வெறுங்காலோடு நின்று கும்பிட்ட நாட்களிலும் பேசாமல்தான் இருந்திருக்கும். பேசியது நான்தான். கும்பிட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். தட்டில் நீலச் செருப்பு, ஒன்று தேய்ந்தும் ஒன்று தேயாமலும் இருந்தது. உள்ளே எடுத்து வைத்துவிடலாம் என்று குனிந்தேன். உள்ளே கொண்டுபோய் யார் காலில் போடுவது? இருந்த இடத்திலேயே நேராக்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, என் செருப்பைப் போட்டபடியே அடுக்களைக்குப் போனேன்.