குடி என்றால் வலப்பக்கம்

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். எண்பதுகளின் நடுவில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் இருந்தேன். ஆண்டு விழா என்றால் ஆண்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஓட்டம்; எங்களுக்கு மியூசிக்கல் சேர். அந்த வருஷம் நாங்கள் நான்கு பேர் சண்டை போட்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டம் வாங்கினோம். மேனேஜர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். சித்திரை வெயிலில் ஒருத்தி மயங்கி விழுந்தாலும், ஜீப்பில் ஏறி வந்தாலும், அடுத்த வருஷம் திரும்பவும் நாற்காலிதான்.

அம்புக்குறியைப் பார்த்து ஓடினால் போதும் என்று சொல்லி, பத்து மணிக்கு விசில் ஊதினார்கள். தொரப்பள்ளி ரோட்டில் தார் இளகி ஷூவைப் பிடித்து இழுத்தது. எனக்கோ ஒரே குஷி. முன்னால் ஒருவரும் இல்லை! மற்ற மூவரும் கண்ணுக்கெட்டாத தூரத்தில் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில், சாக்பீஸில் போட்ட அம்புக்குறியை லாரிகள் அழித்துவிட்டிருந்தன. அங்கே எங்கள் கேன்டீன்காரர் பானையும் டம்ளருமாக நின்றார். மதுரைப் பக்கத்து ஆள், ஓசூருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னைப் பார்த்ததும் கத்தினார்.

"குடி தாயி, குடி!"

தமிழிலும் கன்னடத்திலும் குடி என்றால் குடிதான். எங்கள் வீட்டுத் தெலுங்கில் அது வலப்பக்கம். வெயிலில் காய்ந்த மண்டை வீட்டுப் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டது. சடாரென்று வலப்பக்கம் திரும்பிவிட்டேன். அவர் பின்னாலிருந்து இன்னும் ஏதோ கத்தினார். உற்சாகப்படுத்துகிறாராக்கும் என்று வேகத்தைக் கூட்டினேன். பைத்தியக்காரி!

அந்த ரோடு ஏரிக்கரையில் போய் முடிந்தது. எருமைகள் தண்ணீரில் சுகமாகக் கிடந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முதலிடம் போனால் போகட்டும். ஆளைக் காணோம் என்றால் மயங்கி விழுந்துவிட்டாள் என்றுதானே சொல்வார்கள்? வந்த வழியே திரும்பி ஓடினேன்.

பாதி வழியில் ஜீப் எதிரே வந்தது. உள்ளே மேனேஜர். மற்ற மூவரும் ஓடி முடித்துவிட்டார்களாம், என்னைத்தான் தேடி வந்தாராம்.

"ஏறும்மா, போதும். மொகமெல்லாம் செவந்து கெடக்குது," என்றார். நிஜமான கவலைதான், பாவம். ஆனால் நான் ஏறினால் நாலு பேர் ஓடியதும் வீண்.

"கோவத்துல செவந்திருக்குது சார். நீங்க போங்க," என்றேன்.

போகவில்லை. ஜீப் என் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பிரிவில் கேன்டீன்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டம்ளரைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினேன்.

கம்பெனி கேட்டுக்குள் நுழைந்தபோது, ஓட்டம் முடித்த ஆண்கள் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். தோழிகள் மூவரும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஜீப் டிரைவர் கன்னடக்காரர், அதிகம் பேசாதவர். இறங்கி வந்து மேனேஜரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"பிரிவுல இருந்து ஏரிக்கு ஒண்ணரை கிலோமீட்டர் சார். போக வர மூணு. இவங்க மொத்தம் ஆறு ஓடியிருக்காங்க."

ஐந்து ஓடிவிட்டு மோர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது, கால்தான் ஒத்துழைக்கவில்லை.

அடுத்த வருஷம் நோட்டீஸ் போர்டில் ஓட்டம் இருபாலருக்கும் ஐந்து கிலோமீட்டர் என்று போட்டிருந்தார்கள். அதே பிரிவில் அதே கேன்டீன்காரர் நின்றார். என்னைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டு டம்ளரை மட்டும் நீட்டினார்.