பாயில் பறந்தவள் எங்கே இறங்கினாள்?

நான் தங்கியிருக்கும் லண்டன் வீட்டில் வாரத்துக்கு ஒரு குளியல்தான். என் நாள் வியாழக்கிழமை. தினமும் குளித்தால் உடம்புக்குக் கெடுதல் என்கிறாள் வீட்டுக்காரம்மா. ராயக்கோட்டையில் எங்களுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு. ஆனால் அழுக்குத் தேய்க்க யாரும் பஞ்சாங்கம் பார்த்ததில்லை. குளியல் இல்லாத ஒரு மாலையில் அடுப்படியில் குளிர்காய்ந்தபடி, ஊரிலிருந்து கொண்டுவந்த மாயாஜால நாவலை மறுபடி படித்துக்கொண்டிருந்தேன். கதாநாயகி வஞ்சி பறக்கும் பாயில் ஏறுகிறாள். ஏறியதும் குமட்டுகிறது. பாவாடையை முழங்காலுக்கடியில் இடுக்கிக்கொள்கிறாள். மேகத்துக்கு நடுவே போகும்போது, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்காமல் வந்துவிட்டோமே என்று அழுகிறாள். பதின்மூன்று வயதில் இவளை நான் நம்பியது இதனால்தான். இப்போதும் நம்புகிறேன்.

புத்தகம் வாங்கித் தந்தவர் என் தாய்மாமன். லாரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போனவர், திரும்பும் வழியில் தானே படித்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். "பாய் பறக்கும், ராட்சசன் இருப்பான், எல்லாத்தயும் நம்பலாம் புள்ள. மாமனக் கட்டமாட்டேன்னு ஒருத்தி ஓடறாளே, அதத்தான் நம்ப முடியல" என்றார். எங்கள் பக்கம் அக்கா மகள் என்றால் பிறந்த அன்றே பேச்சு முடிந்தது. நான் நர்ஸ் படிப்புக்குக் கப்பலேறியபோதும் யாரும் முடிவை மாற்றவில்லை, தள்ளித்தான் வைத்தார்கள். வந்த வரன்களையெல்லாம் விட்டுவிட்டு மாமா காத்திருக்கிறார். பங்குனியில் என் பயிற்சி முடிகிறது. அதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்காரம்மா என்ன கதை என்று கேட்டாள். சொன்னேன். பாய்க்குத் தலையாட்டினாள், ராட்சசனுக்கும் தலையாட்டினாள். கதையில் மாமன் கல்யாணப் பேச்சு வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மாவின் கூடப்பிறந்த தம்பியா? உங்கள் ஊரில் போலீஸ் கிடையாதா?"

"எங்கள் மாமா தங்கமான மனிதர்" என்றேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்படியானால் அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறாயா?"

"இல்லை."

"பிறகு எதற்கு இவ்வளவு கோபம்?" என்று கேட்டவள், பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்து என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். உங்கள் ராஜவம்சத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டிருக்கலாம். அந்த அளவு ஆங்கிலம் ஆத்திரத்தில் வரவில்லை.

அந்த 'இல்லை'தான் என் பதில். அதை முதலில் காதால் கேட்டிருக்க வேண்டியவர் மாமா. அவரை வேண்டாம் என்பவளும் நான்தான், அவருக்காகச் சண்டைக்கு நிற்பவளும் நான்தான். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அழுகையும் வருகிறது. மறுபடி புத்தகத்தைத் திறந்து கடைசிப் பக்கத்துக்குப் போனேன். பாய் கடலைத் தாண்டுகிறது, சுபம். புத்தகம் தந்த அன்றைக்கே மாமா கேட்டார், "பறந்துச்சு சரி. எங்க போய் எறங்குச்சு புள்ள?" அப்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.