ஐம்பத்தாறு படி ஏறும் வீட்டை விற்றது

வீடு விற்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், முதலில் ஒன்று சொல்வேன்: பார்க்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடாதீர்கள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை. மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரையில் இருந்த எங்கள் வீட்டைப் பார்க்க வந்த முதல் ஐந்து குடும்பத்துக்கும் வயிறாரப் போட்டுத்தான் அனுப்பினேன். ஐந்து குடும்பமும் இன்றுவரை பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். ஒருவர்கூட வீட்டை வாங்கவில்லை.

அந்த வீடு பெரிய ரோட்டிலிருந்து ஐம்பத்தாறு படி ஏறினால் வரும். என் கல்யாணத்துக்கு வாப்பா எழுதித் தந்தது. எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான்; மாப்பிள்ளை வந்து குடியேறுவார். அப்படி வந்தவர்தான் என் கணவர், மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். எங்கள் இரண்டு மகன்மாரும் அதே வழக்கப்படி பெண் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியது நாங்கள் இருவரும், அந்த ஐம்பத்தாறு படியும்.

முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் படிகளில் ஓடி ஓடி ஏறினேன். பிறகு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின. கடைசி ஆறு மாதம் நான் கீழே இறங்கியது கிளினிக்குக்கு மட்டும்தான். அதுவும் எப்படி? கதிரையில் உட்காரவைத்து, கணவரின் கடையில் மூட்டை தூக்கும் இரண்டு பேர் முன்னும் பின்னும் பிடித்து என்னை இறக்குவார்கள். நல்ல மனிதர்கள், ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஆனால் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போகும். என் தங்கச்சி மகளின் கல்யாணத்துக்கு அப்படிப் போக மனமில்லாமல், பட்டுச் சேலையை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு போனில் படம் பார்த்தேன்.

டவுனில் சமதரையில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. வாசலைத் திறந்தால் தெரு. நோன்பு தொடங்கும்வரை காத்திருப்பதாக அதன் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்தார். இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். விற்காவிட்டால் நான் மேலேயே இருக்க வேண்டியதுதான். கையில் மூன்று மாதம் இருந்தது.

இந்த நேரத்தில் என் கணவரின் வாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இருக்காது, கையில் தங்காது என்பது அவருடைய கொள்கை. நல்ல கொள்கை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வருகிறவன் மூச்சு வாங்கி முதலில் உட்காரட்டுமே! இவர் கடைசிப் படியிலேயே நின்று, "பின்னறை ஒழுகும், ஓகஸ்டுல கெணத்துல தண்ணி அடிக்குப் போகும், கொரங்கு வந்து வாழக்கொல ஒன்டும் விடாது" என்று சலாம் சொல்வது போலச் சொல்லிவிடுவார். அதன் பிறகு நான் உள்ளே கூட்டிப்போய்ச் சோறும் இறைச்சி ஆணமும் வட்டிலப்பமும் வைப்பேன். அவர்கள் சாப்பிடுவார்கள், துஆ செய்வார்கள், போய்விடுவார்கள்.

ஐந்தாவது குடும்பமும் போனபின், ஆள் கூட்டிவந்த தரகர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, நீங்க ஊடு விக்கிறீங்களா, இல்ல ஆளுங்கள வெரட்டுறீங்களா?"

நான் குலுங்கிச் சிரித்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, சிரிக்காதீங்க. ஒங்கட மேலயும் பிழ இரிக்கி. எறச்சி ஆணம் தின்ட மனுசன் எப்படி வெல கொறச்சிக் கேப்பான்? வெக்கத்துல ஒன்டும் கேக்க ஏலாம எழும்பிப் போறான். நீங்க ஊடு காட்டல்ல, விருந்து வெச்சீங்க."

எனக்கு வந்ததே கோபம்! இரண்டு நாள் அந்த மனிதரின் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அடுத்த தடவை கணவர் கடையில் இருக்க வேண்டும், அடுப்பில் பிளேன்டீத் தண்ணீர் மட்டும் இருக்க வேண்டும் என்று மூவரும் பேசி முடிவு செய்தோம்.

ஆறாவதாக வந்தது ஒரு டீச்சரும் அவளுடைய தாயும். எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய காம்பரா ஒன்றில் இருந்தார்கள். தாய் முப்பது வருஷம் கொழுந்து பறித்து ஓய்ந்தவள், வயதில் என்னைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கும். அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் இதுவரை சொந்த வீடு கிடையாது. மகள் பேங்கில் கடன் எடுத்து முதல் வீட்டைத் தேடுகிறாள். தரகர் வெயில் நாளாகப் பார்த்து வரச் சொல்லியும் அவள் கேட்காமல் கொட்டுகிற மழையில் வந்தாள். "மழையிலதாங்க வீடு பாக்கணும்" என்றாள். வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நான் அன்று ஒரு அற்ப வேலை செய்திருந்தேன். பின்னறையில் ஒழுகுகிற இடத்தில் எப்போதும் இருக்கும் வாளியை எடுத்து ஒளித்துவிட்டு, கீழே தடித்த கம்பளம் ஒன்றை விரித்திருந்தேன். சத்தம் கேட்காதே! டீச்சர் நேரே போய் அந்த இடத்தில் நின்றாள். பிடரியில் சொட்டென்று விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கொப்பியைத் திறந்து எழுதினாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தாய் அதற்குள் சுவர் சுவராகத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, பக்கத்து வீட்டு சத்தம் ஒன்னுமே கேக்கலையே?"

"கேக்காது. பக்கத்துல ஊடே இல்ல."

"அப்ப ராத்திரிக்கு எப்படிங்க தூக்கம் வரும்? எங்க லயத்துல நாலாவது காம்பராவுல இருமுனா எனக்குத் தெரியும், யாருக்கு மருந்து வேணும்னு."

சிரித்தபடி கதிரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் இரண்டு உள்ளங்கையாலும் முழங்காலைச் சுற்றித் தேய்த்தாள். மேலிருந்து கீழே, பிறகு பக்கவாட்டில், பெருவிரலை மூட்டுக்கு உள்ளே அழுத்தி. நான் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருஷத்துக்கு முன் நான் தேய்த்தது அதே மாதிரிதான்.

"கால் நோவுதா?" என்று கேட்டேன்.

"மலையேறுன காலுங்க. ஒன்னும் செய்யாது."

தரகர் என்னைப் பார்த்தார். பேசாதீங்க என்று கண்ணாலேயே கெஞ்சினார். வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தால் போதும், நோன்புக்கு முன் நான் டவுனில் இருப்பேன். ஆனால் எனக்கு நாக்கு அரித்தது. இத்தனை நாள் கணவரைத் திட்டியவள், அன்று அவரைவிட மோசமாகிவிட்டேன்.

"ஒழுகுறது பெரிய விசயமில்ல, ஓடு மாத்தினா நிக்கும். இந்த ஊட்டுக்குப் பெரிய கொற அந்தப் படிதான். எங்கட ஆளு எல்லாக் கொறயையும் செல்வாரு, அத மட்டும் செல்லமாட்டாரு, அவருக்குக் கால் நல்லாயிரிக்கி. இன்னும் அஞ்சு வருசத்துல ஒங்களயும் கதிரையில வெச்சித்தான் தூக்குவாங்க. நான் அப்படித்தான் போறேன், வாறேன்."

தரகர் எழும்பி வெளியே மழையைப் பார்க்கப் போனார். தாய் மகளைப் பார்த்தாள். டீச்சர் பையைத் திறந்து, தரகரிடம் முன்கூட்டியே வாங்கியிருந்த காணிப் பிளானின் நகலை மேசையில் விரித்தாள்.

"அப்ப நீங்க ஏன் ஆன்ட்டி பின் பாதைய பாவிக்கல?"

"எந்தப் பாத?"

"இந்தா இருக்கே. பத்தடி அகலம். ஒங்க பின் மூலையில இருந்து மேல் ரோட்டுக்குப் போகுது. உறுதியிலயும் எழுதியிருக்கே. இது இருக்கிறதாலதான் அம்மாவ நம்பிக் கூட்டிட்டு வந்தேன்."

என் பெயரில் உள்ள உறுதி, வாப்பா எழுதித் தந்த வீட்டுப் பத்திரம். அலுமாரியில், பட்டுத் துணியில் சுற்றி, முப்பது வருஷத்துக்கு மேலாக இருந்தது. கரையான் வராமல் வருஷா வருஷம் கற்பூரம் வைத்தேன். ஒரு தடவைகூடப் பிரித்து வாசித்ததில்லை. வாப்பா தந்ததை வாசித்துச் சரிபார்ப்பது வாப்பாவையே சந்தேகப்படுவது என்று நினைக்கிற ஆட்கள் நாங்கள். நகல் எடுக்கவும் துணியோடு தரகர் கையில் கொடுத்தேன். அவரும் காணி எத்தனை பேர்ச்சஸ் என்ற அளவை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவைத்திருக்கிறார்.

கணவருக்குப் போன் பண்ணினேன். அடித்துப்பிடித்து வந்தார். கத்தியை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாகப் பின்னால் போனார். வேலிக்கு அப்பால் இருந்த காட்டுத் துண்டை யாருடையதோ என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம். அதற்கு மேலேதான் பிரதேச சபை போட்ட கொங்ரீட் ரோட்டு. எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்துவிட்டு, முழுக்க நனைந்து, பேய் பிடித்தவர் போல வந்து நின்றார்.

"பாத இரிக்கி. அதுட வாய்லதான் நான் மொளகு நட்டிரிக்கேன். நல்லாக் காய்க்கிற கொடி எல்லாம் அதுலதான்."

முதலில் அந்தத் தாய் சிரிக்கத் தொடங்கினாள். நான் சிரித்தேன். வெளியே நின்ற தரகரும் உள்ளே வந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே எனக்கு அழுகையும் வந்தது. ஆறு மாதம் கதிரையில் போனேனே! வாப்பா எல்லாவற்றையும் யோசித்து எழுதி வைத்திருக்கிறார், நான் கற்பூரம் மட்டும் வைத்திருக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் பிளானை மடித்தாள். "அப்ப இனி விக்க மாட்டீங்கதானே ஆன்ட்டி" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தாய் எழுந்து, முன்பு தட்டிய சுவரில் ஒரு தடவை கை வைத்துவிட்டு, மகளோடு படி இறங்கினாள். யோசித்துச் சொல்கிறோம் என்று கணவர் பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று பின்னேரம் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆட்டோ வாசலுக்கே வரும், இனி எதற்கு விற்க வேண்டும், நினைத்த நேரம் கூப்பிடு, கூட்டிப்போகிறேன் என்றார். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டாம். போன் எடுத்து, காத்திருந்து, ஏறி இறங்கி, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டு... அதுவும் கதிரைதான், மூன்று சில்லு வைத்த கதிரை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தனியாகத் தெருவில் நடக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொன்னபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் முழங்காலைப் பற்றி மட்டும்தான் பேசியிருந்தேன். இன்னொன்றும் சொன்னேன். அந்தப் பெண் பிளானை மேசையில் விரிக்காமல் பைக்குள்ளேயே வைத்திருந்தால் நமக்குப் பாதை தெரிந்திருக்குமா? அவர் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். பிறகு, "அப்ப நீயே பேசு" என்றார்.

மறுநாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு நானே போன் எடுத்தேன். "மகள், உறுதி எழுத நொத்தாரிசுக்கிட்ட எப்ப போவோம்?" அந்தப் பக்கம், "அம்மா! அம்மா!" என்று அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. நாலாவது காம்பராவுக்கும் கேட்டிருக்கும்.

விலை பேச வந்த நாளில் பச்சைத் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. டீச்சர் கூரை ஓட்டுக்கென்று குறைத்துக் கேட்டாள், குறைத்தேன். பாதையைத் துப்புரவாக்கித் தருவதாக ஒத்துக்கொண்டோம். கணவர் தன் கையாலேயே கொடிகளை வெட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. கையெழுத்து வைத்த பிறகுதான் சோறு போட்டேன். வெள்ளிக்கிழமை என்பதால் அவர்களுக்கு மரக்கறி. தாய் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

நோன்புக்கு நாலு நாள் இருக்கும்போது டவுனுக்கு வந்தோம். மறுநாள் காலை கணவர் கடைக்குப் போனதும் பர்தாவைப் போட்டுக்கொண்டு வாசலைத் திறந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன். மூலைக் கடையில் பாண் வாங்கினேன். பக்கத்துக் கடையில் நூல் பந்து ஒன்று, தேவையே இல்லாமல். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் முருங்கைக்காய் விலையைப் பற்றிக் குறைபட்டேன். அவளும் குறைபட்டாள்.

எதையோ மறந்துவிட்டு வீட்டுக்கு வந்த கணவர், கதவு பூட்டியிருப்பதைக் கண்டு பதறிவிட்டார். மகன்மாருக்குப் போன், தரகருக்குப் போன். ஆஸ்பத்திரிப் பக்கம் ஓட வெளிக்கிட்டவர், தெரு மூலையில் என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

"எங்க போன?"

"கடைக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்த செல்லாமலா போன?"

"செல்லாமத்தான் போனேன்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. கை நீட்டிப் பாணை வாங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை.