நடிப்புக்குப் பரிசு கொடுத்த எட்டு வருஷங்கள்

நடிகனுக்கு மேடையில் ஏறினால்தான் நடிப்பு. அவனுக்குப் பரிசு கொடுக்கும் சங்கத்தின் செயலாளருக்கு வருஷம் முழுவதும் நடிப்பு. உங்களில் யாராவது சங்கச் செயலாளராக இருந்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எழுபதுகளின் நடுவிலிருந்து எட்டு வருஷம் பதுளையில் ஒரு கலை ரசிகர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தேன். தொழில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது. ஆண்டுக்கொரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சினிமா நடிப்புக்கும் தோட்டத்து நாடக நடிப்புக்கும் பரிசு கொடுப்போம். தலைவர் கடைவீதியில் நகைக்கடை வைத்திருந்த முதலாளி. மண்டபம் கிடைத்தால் அவருடைய செல்வாக்கு, கிடைக்காவிட்டால் என்னுடைய அசட்டை.

வராத நாயகன்

முதல் வருஷம் சிறந்த நடிகராகச் சென்னையிலிருந்த பெரிய நடிகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். நேரில் வந்து பரிசைப் பெற்றுக்கொள்ளும்படி மூன்று கடிதம் போட்டேன். ஒரு மாதம் கழித்து, கையெழுத்து அச்சடித்த படம் ஒன்று தபாலில் வந்தது. அதற்கே தலைவர் கண் கலங்கிவிட்டார். படத்துக்குச் சட்டம் போட்டு, மேடை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பெரிய ரோஜா மாலையாகப் போட வேண்டும் என்றார். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தது என் யோசனை.

மண்டபத்தின் கதவைத் திறந்ததும் தோட்டத்துச் சனங்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். முன்வரிசைக்கு வந்த பெண்கள் மேடையைப் பார்த்தார்கள். மாலையைப் பார்த்தார்கள், விளக்கைப் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் ஒருவர் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ, மண்டபம் முழுவதும் ஒப்பாரி. செய்தி பஸ் நிலையம் வரை போய், இரண்டு கடைகள் மரியாதைக்காகக் கதவடைத்துவிட்டன. அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் தொண்டை கிழியச் சொல்லி முடித்தபோது, ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோபமாகச் சொன்னார்: "உசுரோட இருக்கிறவருக்கு எதுக்குங்க மாலை போட்டீங்க? நாங்க அழுது முடிச்சிட்டோமே."

பத்துக்குப் பத்து

நாடகப் போட்டிக்கு நடுவராக, ஓய்வு பெற்ற தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஒருவரைப் பிடித்தோம். நேர்மையானவர், கை சுத்தமானவர், தமிழ் படித்தவர். ஏழு நாடகம் பார்த்தார். ஆறில் யாருக்கும் நாலுக்கு மேல் போடவில்லை. ஏழாவதில் வெள்ளைக்காரத் துரையாக, தலையில் தொப்பியோடு ஓர் ஆள் வந்தார். வசனம் மறந்து இரண்டு முறை திருதிருவென்று விழித்தார். காலுக்குச் சப்பாத்து அளவில்லாமல் ஒன்று கழன்று போனது. அவருக்குப் பத்துக்குப் பத்து.

மற்றத் தோட்டத்துக்காரர்கள் என் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டார்கள். கிளாக்கரைத் தனியாக அழைத்துப் போய்க் காரணம் கேட்டேன். அவர் புள்ளித்தாளைத் திரும்பவும் பார்த்தார். அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். மெல்லச் சொன்னார்: "அந்தத் தொப்பியக் கண்டதும் கை தானாப் போட்டுடுச்சு மாஸ்டர். முப்பத்தஞ்சு வருசப் பழக்கம்."

கூரை நடிப்பு

தொலைக்காட்சி வந்ததும் அதற்கும் ஒரு பரிசு வேண்டும் என்றார் தலைவர். எங்களில் பெட்டி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நடுவர் குழு அவர் வீட்டு விறாந்தையில் கூடியது. சுற்றிலும் மலை, பெட்டிக்குள் எந்நேரமும் மழை. எங்கள் விழாவுக்குப் படம் பிடிக்கும் ஸ்டூடியோக்காரர் சலீம் நானா கூரையில் ஏறி அன்டெனாவைத் திருப்பினால் ஒரு முகம் தெரியும்; கையை எடுத்தால் முகம் கரைந்துவிடும். நாடகம் முடிந்ததும் தலைவர் நாயகியின் உருக்கமான நடிப்பைப் புகழ்ந்தார். நான் பார்த்த மட்டில் அது நாயகியா நாயகனா என்பதே தெரியவில்லை. கீழே இறங்கிய சலீம் நானா கையிலிருந்த துருவைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த முறை பரிச எனக்குத் தாங்க மாஸ்டர். கூரையில நின்டு அவ்வளவு பேரையும் நடிக்க வெச்சது நான்தானே."

ஆறுதல் பரிசு

அதுவரை எங்கள் சிறந்த நடிகை எப்போதும் மீசை மழித்த ஆணாகவே இருந்தார். என் கடைசி வருஷத்தில்தான் ஒரு பெண் மேடையேறினார். பெயர் ராசம்மா, கொழுந்து பறிப்பவர். நாடகத்தில் அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் அரைநாள் லீவு கேட்கிறார். உன் செடி நிரையை முடித்துவிட்டுப் போ என்கிறார் கணக்கப்பிள்ளை. மேடையில் தேயிலைச் செடி கிடையாது. ராசம்மா வெறும் காற்றில் கொழுந்து கிள்ளினார், பேசவில்லை, அழவில்லை. கிள்ளக் கிள்ள விரல்களின் வேகம் மட்டும் கூடிக்கொண்டே போனது. நான் முழுப்புள்ளி போட்டேன். மற்ற நடுவர்களும் போட்டார்கள்.

மறுநாளே, நான் தலைவரோடு இருந்த நேரம், அவருடைய தோட்டத்து நிசக் கணக்கப்பிள்ளை நகைக்கடைக்கு வந்துவிட்டார். நாடகத்தில் யார் பெயரும் இல்லையே என்றேன். பெயர் இல்லாமலே லயத்து வீடுகளின் பிள்ளைகள் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றார். அவளுக்கு முதல் பரிசு என்றால் இனி அந்தத் தோட்டத்தில் நாடகமே நடக்காது என்றும் சொன்னார். தலைவர் அவருக்குத் தேநீர் வரவழைத்தார், விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகவும் அழைத்தார். ராசம்மாவுக்கு ஆறுதல் பரிசு என்று முடிவானது. சான்றிதழை என் கையாலேயே எழுதினேன். எழுத மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அழகான கையெழுத்து என்று தலைவர் பாராட்டினார்.

விழாவில் ராசம்மா சான்றிதழையும் சிறு கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு, முதல் பரிசுக் கோப்பையோடு நின்ற ஆளை ஒரு தடவை பார்த்தார். நன்றி சொல்வார் என்று மைக்கை நீட்டினேன். ஆறுதல் பரிசு என்றால் என்ன என்று கேட்டார். மனம் தேற்றுவதற்காகக் கொடுப்பது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவர் மேடையின் குறுக்கே நடந்துபோய், கிண்ணத்தைச் சிறப்பு விருந்தினரின் மடியில் வைத்தார். திரும்பி வந்து, மைக்கில், குரலை உயர்த்தாமல் சொன்னார்: "எனக்கு மனசு நல்லாத்தாங்க இருக்கு. நாடகம் பாத்த நாள்லேருந்து கணக்கப்பிள்ளை ஐயாவுக்குத்தான் சரியில்லையாம். அவரே வச்சுக்கட்டும்."

கணக்கப்பிள்ளை அடுத்த மாதமே லுணுகலைப் பக்கம் மாற்றம் வாங்கிக்கொண்டு போனார், நானும் பதவியை விட்டேன். எட்டு வருஷத்தில் எங்கள் மேடையில் சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே பரிசு, நாங்கள் கொடுத்தது அல்ல.