விமானத்தில் இரண்டாவது கதிரை

கிண்ணியாவிலிருந்து என் கூட்டாளி மாதிரி விமானத்துக்கான எஞ்சின் ஒன்று கொண்டுவந்தான். என்னிடம் இருந்த விமான வரைபடம் அதற்குச் சிறியது. "மச்சான், நீ படத்தைப் பெரிசாக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து கட்டிப் பறக்க விடுவம்" என்றான்.

போட்டோக்கொப்பிக் கடையில் ஒன்றரை மடங்காக்கினேன். அப்படிச் செய்தால் படத்தில் எல்லாம் சேர்ந்து பெரிதாகும், பலகையின் தடிப்பும்கூட. கடையில் விற்கும் பலகையோ பழைய தடிப்புத்தான். அதனால் பலகை நுழையும் வெட்டுகளையெல்லாம் அழித்துக் கையால் திரும்ப வரைந்தேன். இரண்டு மாதம் போனது. விமானியின் இடமும் அகன்றுவிட்டதால் அதில் இன்னொரு கதிரை போட்டேன்.

"இது ஆருக்கு?" என்றான் படத்தைப் பார்க்க வந்த கூட்டாளி.

"உனக்குத்தான். பக்கத்தில இருந்து வாய் மூடாமல் கதைக்க ஆள் வேணுமே."

விழுந்து விழுந்து சிரித்தான். போகும்போது வரைபடத்தில் ஒரு கொப்பி எடுத்துக்கொண்டான். துடைத்துத் தருவதாகச் சொல்லி எஞ்சினையும் கொண்டுபோனான்.

அடுத்த மாதம் கடற்கரையில் எஞ்சின் இரைச்சல் கேட்டுப் போனேன். நான் வரைந்த விமானம் கடலுக்கு மேல் வட்டமடித்தது. அதை இறக்கியதும் சனம் அவனைச் சூழ்ந்தது.

"நீங்களே வரைஞ்சனீங்கள்?"

"ஓம், நான்தான்."

"ஏன் ரெண்டு கதிரை?"

என்னைக் கண்டுவிட்டான். ஆனாலும், "ஒன்று கமரா வைக்க" என்றான்.

"எஞ்சின் உன்ர, மச்சான், வைச்சுக்கொள். அந்தக் கதிரையை மட்டும் கழட்டிப்போடு" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சனம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.