வேண்டாமென்ற ஒரு சொம்புத் தண்ணீர்

கல்யாணச் சமையலுக்கு அளவு சொல்வது என் தொழில். எத்தனை இலை விழும் என்று சொன்னால் போதும், அரிசி, பருப்பு, புளி, விறகு எல்லாம் சொல்லிவிடுவேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பந்தி நடக்கும்போதுகூட அடுப்பங்கரையை விட்டு வெளியே வரமாட்டேன். அதனால் அந்த நடைப்பயணத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் தங்குமிடமும் பார்க்கும் வேலையை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் என்னிடம் கொடுத்தபோது சந்தோஷமாகவே இருந்தது. பேசுவது அவர் பாடு, அண்டாக்கள் என் பாடு.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையின் உச்சி ஓரத்தில் ஒரு சின்ன ஊர். அதைச் சுற்றியிருந்த காட்டை வெட்டக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வெட்டி முடிந்ததுமே ஊருக்குத் தண்ணீர் கொடுத்த ஊற்று மெலிந்துவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் அந்த ஊரைச் சேர்ந்த ஒரு அக்கா. வருஷா வருஷம் நான் புளி வாங்குவது அவரிடம்தான்.

"மேல நிக்கறதையும் வெட்டிட்டான்னா நாங்க ஊரக் காலி பண்ண வேண்டியதுதான் தம்பி. உங்க வாத்தியாராண்ட சொல்லிப் பாரேன்" என்றார்.

சொன்னேன். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. வெள்ளிக்கிழமை ஆலங்காயத்தில் புறப்பட்டு மலையேறி, மறுபக்கம் அமிர்தியில் இறங்கி, கணியம்பாடி தாண்டி, திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் வேலூர் கலெக்டர் ஆபீசில் நிற்பது என்று முடிவானது. "நாமெல்லாம் துணைக்குப் போறவங்கதான். அந்த ஊர் ஜனங்க நேர்ல வந்து நின்னாத்தான் மனு நிக்கும்" என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மரத்துக்காக நடக்கிறவர்கள் மரத்தை எரித்துச் சமைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அதனால் வேர்க்கடலைத் தோலை மூட்டை மூட்டையாகக் கட்டினேன். முதல் நாளைக்குப் புளிச்சோறு, அப்புறம் சாமைச் சோறும் குழம்பும். அமிர்திப் பக்கம் இறங்கும் காட்டுப்பாதையில் வண்டி போகாது என்பதால், அண்டாவைக் கழியில் கட்டித் தூக்க ஆட்களைப் பிடித்தேன். மூன்று ராத்திரிக்கும் பள்ளிக்கூடங்களில் படுக்க இடம் கேட்டேன். இதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

மலையூர்களுக்கு அழைப்புச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டு என் மச்சானின் மாட்டு வண்டியில் போனேன். ஒவ்வொரு ஊரிலும் அவன்தான் ஊர்த்தலைவரான கவுண்டர் எதிரில் உட்கார்ந்து பேசினான். நான் தாம்பூலத்தை நீட்டுவதோடு சரி.

"எங்க மாமாவ ஆயிரம் பேருக்குச் சோறு ஆக்கச் சொல்லுங்க, ஆக்கிடுவாரு. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க, காத்துதான் வரும்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

கடைசியாக அக்காவின் ஊர். வண்டி ஏறாத மேடு. மச்சான் மாட்டோடு கீழே நின்றுவிட, நான் மட்டும் ஏறினேன். வழியில் ஊற்றைப் பார்த்தேன். இரண்டு பெண்கள் குழிக்குள் இறங்கி, கொட்டாங்கச்சியால் தண்ணீரை மொண்டு, கலங்கல் தெளியக் காத்திருந்து குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் ஆளில்லை. எல்லாரும் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள், அக்காவும்தான். முதல் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார்.

"கவுண்டரு இப்ப வந்துடுவாரு. உள்ள வந்து ஒக்காருங்க" என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வந்த எனக்குக் கை நீளவில்லை. "வேணாங்க, இப்பத்தான் குடிச்சேன்" என்று பொய் சொன்னேன். உட்கார்ந்தால் கவுண்டர் வருவார். மச்சான் பேசிய பேச்சை எல்லாம் நான் பேச வேண்டும்.

"சனிக்கிழம காலையில பாத பிரியற எடத்துக்கு எல்லாரும் வந்துடணுங்க. வாத்தியாரு சொல்லச் சொன்னாரு" என்று வாசலில் நின்றபடியே ஒரே மூச்சில் சொன்னேன். தாம்பூலத்தைக் கற்சுவர் மேல் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

சனிக்கிழமை பாதை பிரியும் இடத்தில் வெயில் ஏறும்வரை காத்திருந்தோம். அந்த ஊருக்கென்று தனியாக ஆக்கிய சோறு அண்டாவில் ஆறிப்போனது. சரிவில் ஒரு தலையும் தெரியவில்லை. "நான் போய்ட்டு வர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "குத்தகைக்காரன் ஆளுங்க மிரட்டியிருப்பாங்க" என்றார் வாத்தியார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை மனுவை வாங்கிய அதிகாரி கால் கொப்புளங்களோடு நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்தார். "ஊத்து வத்திப்போச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஊர்க்காரங்க யாரு?"

"அவங்க வரலைங்க" என்றார் வாத்தியார்.

"அவங்களுக்கே இல்லாத கவலை உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த மனுவை எடுத்தார்.

தை பிறப்பதற்குள் காட்டை வெட்டி இறக்கிவிட்டார்கள்.

புளி உதிர்க்கும் காலத்தில் தயங்கித் தயங்கித்தான் போனேன். அக்கா கோபமாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஏங்க்கா வரல?"

"நீ இன்னா தம்பி பண்ணிட்டுப் போன? எங்க ஊர்ல சாவு சொல்ல வர்றவன்தான் வாசலுக்கு வெளிய நின்னு சொல்லுவான். தண்ணி வாங்க மாட்டான், ஒக்கார மாட்டான். நீ அப்படியே சொல்லிட்டுப் போயிருக்கற. அந்தச் சொல்லு மேல காலெடுத்து வெச்சா ஊருக்கு ஆகாதுன்னுட்டாரு கவுண்டரு."

புளி ஓட்டை உடைத்துக்கொண்டே அக்கா தொடர்ந்தார்.

"வழிக்கு மாவு இடிச்சி மூட்ட கட்டி வெச்சிருந்தோம் எல்லாரும். தெரியாம பண்ணிட்டான், திரும்ப வருவான், உள்ள வந்து ஒக்காந்து வெத்தல குடுப்பான்னு நானே சொன்னேன். சனிக்கிழம மேட்டுல இருந்து பாத்துக்கினே இருந்தோம். நீங்க இருந்தீங்க, நாங்களும் இருந்தோம். அப்பறம் நீங்க போய்ட்டீங்க."

குழியைப் பார்த்துத்தான் தண்ணீர் வாங்கவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அக்கா அதற்குள் சொம்பை நீட்டினார். கீழ் ஓடையிலிருந்து அரை நாள் நடந்து கொண்டுவந்த தண்ணீர். வீட்டுக்குள் உட்கார்ந்து கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அடுத்த வருஷம் போனபோது அக்கா வீட்டு வாசலை முள் வைத்து அடைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டையும்தான். எங்கே போனார்கள் என்று சொல்லக்கூட அங்கே ஆளில்லை.

வாத்தியார் கடைசிவரை குத்தகைக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் போய் உட்கார்ந்து, அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவே இல்லை.